வசந்தகாலக் காய்கறிகளை ரோஸ்ட் செய்து, வயிறு நிறைய ஒரு சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த சாலட் உண்டு. யார் வீட்டுக்காவது எடுத்துப் போனால் கிண்ணம் காலியாகும். மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரும். "எனக்கு மட்டும் ஏன் கேரட் கொழகொழவென்று ஆகிறது?" என்பதுதான் அதில் முக்கால்வாசி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்துச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

சாலட் என்றால் பச்சைக் காய்தானே? ரோஸ்ட் செய்துவிட்டால் அது பொரியல் இல்லையா?

என் மாமியார் முதல் தடவை பார்த்தபோது கேட்டதும் இதுதான். பொரியலில் கடுகு, உளுந்து, தேங்காய்ப்பூ எல்லாம் சேர்ந்து காயை ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். அதுதான் பொரியலின் அழகு. இந்த சாலட்டில் ஒவ்வொரு காயும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு வாயில் ஓரம் கருகிய கேரட், அடுத்ததில் மொறுமொறுப்பான உருளைத் தோல், நடுவில் பச்சைப் புதினா, எல்லாவற்றின் மேலும் எலுமிச்சைப் புளிப்பு. சூடும் குளிர்ச்சியும் கலந்து, வெதுவெதுப்பாகச் சாப்பிடுவது. முழுக்கப் பச்சையாகச் சாப்பிட்டால் லண்டன் ஏப்ரல் குளிருக்குப் பல் கிட்டிக்கொள்ளும்.

வசந்தகாலக் காய்கறி என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

முதலில் ஒரு விஷயம். வசந்தம் என்றதும் தோட்டமெல்லாம் காய்த்துக் குலுங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இந்த ஊருக்கு வந்தேன். உண்மையில் பிரிட்டன் தோட்டங்களில் காய்கறி ரொம்பக் குறைவாக இருக்கும் மாதங்கள் ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும்தான். குளிர்கால முட்டைக்கோஸ், லீக்ஸ் எல்லாம் முடிந்திருக்கும். புதிதாக விதைத்தது இன்னும் விரல் உயரம்கூட வந்திருக்காது. 'ஹங்கிரி கேப்' என்றே இதற்குப் பெயர்: பசிக்கால இடைவெளி. எங்கள் தெருக்கோடியில் தோட்டத் துண்டு வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஏப்ரலில் பாத்தியைக் காட்டி, "பார், மண் மட்டும்தான் விளைந்திருக்கிறது" என்று சிரிப்பார்.

அந்த இடைவெளியை உடைத்துக்கொண்டு வருகிறவைதான் இந்த சாலட்டின் காய்கள். பர்ப்பிள் ஸ்பிரவுட்டிங் என்கிற ஊதா பிராக்கலி குளிர்காலக் கடைசியிலேயே வந்து ஏப்ரலோடு விடைபெறும். அப்புறம் சின்னச் சிவப்பு முள்ளங்கி, வெங்காயத்தாள், கீரைகள். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள். மண்ணிலிருந்து பச்சைத் தண்டாகக் கிளம்பும் குருத்துதான் அஸ்பாரகஸ்; பிரிட்டிஷ் அஸ்பாரகஸ் சீசன் அன்றைக்குத் தொடங்குவதாக ஒரு வழக்கம். ஜூன் 21 வாக்கில் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். செடி வாடிவிட்டது என்பதால் இல்லை. மிச்சக் குருத்துகளை வளரவிட்டு இலை விரித்தால்தான் அடுத்த வருஷத்துக்கான சத்தை வேர் சேர்த்துவைக்க முடியும். புதிதாக நட்ட பாத்தியில் முதல் இரண்டு வருஷம் பொதுவாகக் கைவைக்கவே மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தபிறகு கட்டின் விலையைப் பார்த்து முணுமுணுப்பது எனக்குக் குறைந்துவிட்டது.

உருளையில் ஜெர்சி ராயல். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையில், பிரான்ஸ் கரையை ஒட்டினாற்போலக் கிடக்கும் ஜெர்சித் தீவில் மட்டும் விளைவது. 1880 வாக்கில் ஹியூ டி லா ஹே என்ற விவசாயி, கண்கள் நிறைய இருந்த ஒரு பெரிய உருளையை வெட்டி நட்டதில் கிடைத்த வகை என்று சொல்வார்கள். கடலைப் பார்த்த சரிவுகளில், சில இடங்களில் இன்றும் கடற்பாசியை உரமாகப் போட்டு வளர்க்கிறார்கள். விரலால் தேய்த்தாலே தோல் உரிந்து வரும், உரிக்காதீர்கள்.

பச்சைப்பட்டாணியும், மொச்சை மாதிரிப் பெரிய பருப்புள்ள பிராட் பீன்ஸும் கடைசி ஆட்கள். மே கடைசி, ஜூனில்தான் வருவார்கள்.

அஸ்பாரகஸை எப்படிப் பார்த்து வாங்குவது? அடித்தண்டை எவ்வளவு வெட்டுவது?

நுனி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பூப்போல விரிந்திருந்தாலோ, தொட்டால் வழுவழுவென்று இருந்தாலோ வேண்டாம். இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள், புதிது என்றால் கிறீச்சென்று சத்தம் வரும். கட்டைத் திருப்பி வெட்டிய அடியைப் பாருங்கள். காய்ந்து வெளுத்து மரம்போல இருந்தால் பறித்துப் பல நாள் ஆகியிருக்கும். பறித்த நிமிஷத்திலிருந்தே இதன் இனிப்பு இறங்க ஆரம்பிக்கிறது. வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, பூங்கொத்துபோல நிறுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தண்டை இரண்டு கையாலும் வளைத்தால் சரியான இடத்தில் தானாக ஒடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் ஒடித்தேன். ஒருநாள் ஒடித்த துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டக் காசில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. எங்கே பிடித்து வளைக்கிறோமோ அங்கே ஒடிகிறது, அவ்வளவுதான். இப்போது அடியில் ஒரு அங்குலம் மட்டும் கத்தியால் நறுக்கிவிட்டு, தடித்த தண்டாக இருந்தால் கீழ்ப்பாதியின் தோலைப் பீலரால் சீவிவிடுகிறேன். முருங்கைக்காயில் நார் உரித்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஊரிலிருந்து வந்த அம்மா இதைக் கையில் எடுத்துப் பார்த்து, "மூங்கில் குருத்தா?" என்றாள். மூங்கில் இல்லை, ஆனால் நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு இது நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். அங்கே கிழங்கை எடுக்கிறோம், இங்கே குருத்தை.

நாலு பேருக்கு என்ன அளவு?

ஜெர்சி ராயல் அல்லது வேறு புது உருளை 500 கிராம். இலையோடு வரும் கொத்துக் கேரட் ஒரு கட்டு (இலை நீக்கி ஏறக்குறைய 400 கிராம்). சிவப்பு முள்ளங்கி ஒரு கட்டு. அஸ்பாரகஸ் 250 கிராம். வெங்காயத்தாள் எட்டு. பட்டாணி ஒரு கை. கொண்டைக்கடலை ஒரு டின், 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் 240 கிராம் அளவுக்குத் தேறும். ஃபெட்டா சீஸ் 150 கிராம். ஏதாவது ஒரு பச்சை இலை இரண்டு கை. ராக்கெட், வாட்டர்கிரெஸ், இளம் பசலை எதுவானாலும் சரி. புதினா ஒரு கை. பூசணி விதை இரண்டு மேசைக்கரண்டி. ரோஸ்டுக்கு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி.

டிரெஸ்ஸிங்குக்கு: நல்ல ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, தேன் அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு சின்னப் பல், உப்பு, மிளகுத்தூள்.

எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில்?

மொத்தம் ஒரு மணி நேரம். ஓவனை 220 டிகிரியில் (ஃபேன் ஓவன் என்றால் 200, கேஸ் ஓவன் என்றால் குமிழில் 7ஆம் எண்) போடுங்கள். இரண்டு உலோக ட்ரேக்களை உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள். கண்ணாடி ட்ரே வேண்டாம், சூட்டில் ஈரக் காய் பட்டால் விரிசல் விடலாம்.

ஓவன் சூடாகும் நேரத்தில் உருளையை உப்புத் தண்ணீரில் 12 நிமிஷம் வேகவைத்து, வடித்து, ஆவி போகும்வரை அப்படியே விடுங்கள். ஒரு டம்ளரின் அடியால் ஒவ்வொன்றையும் லேசாக அழுத்துங்கள். தோல் வெடித்து, பக்கவாட்டில் பிதுங்கி நிற்க வேண்டும், நசுங்கிப்போகக் கூடாது. எண்ணெய், உப்பு தடவி ஒரு ட்ரேயில் பரப்பினால் 30லிருந்து 35 நிமிஷம். அதே ட்ரேயின் மிச்ச இடத்தில் துணியால் துடைத்த கொண்டைக்கடலை, கடைசி 20 நிமிஷத்துக்கு மட்டும்.

நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த கேரட் இன்னொரு ட்ரேயில், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி. எட்டு நிமிஷம் கழித்து, இரண்டாக வெட்டிய முள்ளங்கியும் அங்கேயே. கேரட் போட்டு 25 நிமிஷம் ஆனதும் இரண்டையும் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து கொதிக்கும் அதே ட்ரேயில் அஸ்பாரகஸையும் முழு வெங்காயத்தாளையும் போடுங்கள். விழுந்ததும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். பென்சில் தடிமன் என்றால் 8 நிமிஷம், கட்டைவிரல் தடிமன் என்றால் 12. கத்தி நுனி இறங்க வேண்டும், ஆனால் தூக்கினால் தண்டு தொங்கிப்போகக் கூடாது.

சொன்னபடியேதான் செய்தேன். ஆனாலும் காய் சிவக்கவே இல்லை, வெந்து குழைந்துவிடுகிறது. ஏன்?

ட்ரேயில் கூட்டம். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

காயின் மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவன் 220 காட்டலாம். காய்க்கு அது தெரியாது. தண்ணீர் ஆவியாகி ஓடியபிறகுதான் மேல்பரப்பு 140, 150 என்று ஏறும். அங்கேதான் சிவப்பு நிறமும் அந்த வறுத்த வாசனையும் பிறக்கின்றன. புரதத்தின் துணுக்குகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்யும் வேலை அது; 1912ல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் மயார் வினை என்பார்கள். தோசையின் சிவந்த ஓரமும் அதே கணக்குதான். காய்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடந்தால், வெளியேறும் ஆவிக்குப் போக இடமில்லை. ஒன்றின் ஆவி இன்னொன்றின் மேல். அப்புறம் அது ரோஸ்ட் இல்லை, இட்லிப்பானை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். முதல் வருஷம், எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். இருக்கிற காயையெல்லாம் ஒரே ட்ரேயில் மலைபோலக் குவித்து உள்ளே தள்ளினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் குப்பென்று ஆவி மூக்குக்கண்ணாடியில் அடித்தது. ட்ரேயின் அடியில் அரை டம்ளர் ஆரஞ்சு நிறத் தண்ணீர். அதில் கேரட் நீந்திக்கொண்டிருந்தது. தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டாக மாற்றி, சோறு வடித்து, "இன்றைக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு" என்று சொல்லிச் சமாளித்தேன். கூட்டு நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு கேரட்டுக்கும் அடுத்த கேரட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாக வையுங்கள். இட்லி ஊற்றும்போது பார்க்காத ஈடா? கழுவிய காயைத் துணியில் நன்றாகத் துடையுங்கள். உப்பை ஓவனுக்குள் போகும் நேரத்தில் மட்டும் போடுங்கள், முன்னாடியே பிசறிவைத்தால் தண்ணீர் விட்டுவிடும். பக்கம் உயர்ந்த பாத்திரத்தைவிடத் தட்டையான ட்ரே நல்லது. அப்புறம், சும்மா சும்மா கதவைத் திறந்து பார்க்காதீர்கள். வெட்டிய பக்கம் சிவக்கும்வரை கிளறவும் வேண்டாம். நமக்குத்தான் கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியாதே.

பேக்கிங் பேப்பர் போடலாமா?

போடலாம், கழுவும் வேலை மிச்சம். ஆனால் வெறும் உலோகத்தில் பட்டால் வருகிற சிவப்பு இதில் வராது.

எந்த எண்ணெய்?

ரோஸ்டுக்குச் சாதாரண ஆலிவ் எண்ணெய், சூரியகாந்தி, கடலை எண்ணெய் எதுவும் சரி. விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயை டிரெஸ்ஸிங்குக்கு ஒதுக்கிவையுங்கள், ஓவனில் அதன் வாசனை வீணாகும். நல்லெண்ணெயில் ஒரு தடவை செய்து பார்த்தேன். மிளகாய்ப்பொடி இல்லாமல் நல்லெண்ணெய் மட்டும் தனியாக நிற்பதுபோல இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

அளவு முக்கியம். காயின் மேல் ஒரு மினுமினுப்பு இருந்தால் போதும், ட்ரேயில் தேங்கக் கூடாது.

முள்ளங்கியையா ரோஸ்ட் செய்வது? வாசனை வீட்டையே தூக்கிவிடாதா?

தூக்காது. இது சாம்பாருக்குப் போடுகிற நீள வெள்ளை முள்ளங்கி இல்லை. கோலிக்குண்டு அளவில் இருக்கும் சிவப்பு வகை. முள்ளங்கியின் காரம் கடித்தவுடன்தான் உண்டாகிறது. செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் ஒரு என்ஸைம் வேலைசெய்து காரமான பொருளை உருவாக்குகிறது. சூட்டில் அந்த என்ஸைம் செயலிழந்துவிடுவதால் காரம் அடங்கி, நூக்கல் மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு வரும். நிறமும் ரோஜா நிறமாக வெளுக்கும். முள்ளங்கியே தொடாத என் பையன் இதை உருளை என்று நினைத்து நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, தெரிந்ததும் என்னிடம் கோபித்துக்கொண்டான்.

காரம் பிடிக்கிறவர்கள் இரண்டு முள்ளங்கியை மட்டும் பச்சையாக, காகிதம்போல மெல்லியதாகச் சீவிக் கடைசியில் தூவுங்கள்.

பட்டாணி, பிராட் பீன்ஸையும் ஓவனில் வைக்கலாமா?

வேண்டாம், சுருங்கி உருண்டையாகிவிடும். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிஷம், உடனே குளிர்ந்த தண்ணீர், முடிந்தது. பட்டாணியில் ஃப்ரீசர் பாக்கெட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். பறித்த பட்டாணியின் இனிப்பு சீக்கிரமே மாவாக மாறத் தொடங்கிவிடும். பறித்த வேகத்தில் உறையவைப்பதால் பாக்கெட்டில் அந்த இனிப்பு அப்படியே நிற்கிறது. மூன்று நாளாகக் கடையில் கிடந்த பச்சைப்பட்டாணியைவிட இது மேல்.

பிராட் பீன்ஸுக்கு இரண்டு உரிப்பு. முதலில் வெளித்தோட்டை, வெந்தபிறகு ஒவ்வொரு பருப்பின் மேல் இருக்கும் சாம்பல்நிறத் தோலை. மொச்சையைப் பிதுக்கிப் பிதுக்குப்பருப்பு எடுப்போமே, அதே கை அசைவு. நகத்தால் ஒரு முனையைக் கீறி விரலால் அழுத்தினால் பச்சைப்பசேல் என்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். டிவி பார்த்துக்கொண்டே செய்ய ஏற்ற வேலை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற என்ஸைம் குறைபாடு உள்ளவர்களுக்கு பிராட் பீன்ஸ் ஆகவே ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உடம்பு மோசமாகிவிடலாம். விருந்துக்குச் செய்தால், இதில் பிராட் பீன்ஸ் இருக்கிறது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இதைச் சாப்பிட்டால் உண்மையிலேயே வயிறு நிறையுமா? இரண்டு மணி நேரத்தில் சோறு தேடாதா?

இலையும் வெள்ளரியும் மட்டும் சாப்பிட்டால் தேடும்தான். இதில் உருளை இருக்கிறது, கடலை இருக்கிறது, சீஸ் இருக்கிறது. என் அனுபவத்தில் கொண்டைக்கடலையை விட்டுவிட்டுச் செய்த நாட்களில்தான் ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றிருக்கிறேன்.

கடலைக்குப் பதில் பச்சை லென்டில் இன்னும் நன்றாக இருக்கும். ஊறவைக்க வேண்டாம், 20-25 நிமிஷத்தில் வேகும், குழையாமல் மணிமணியாக நிற்கும். சிவப்பு மைசூர்ப் பருப்பு மட்டும் வேண்டாம், அது கரைந்து பருப்புக்கடைசல் ஆகிவிடும். உருளையை விட்டுவிட்டு பார்லி போடுகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், 30-40 நிமிஷம் வேக வேண்டும். மேலே பாதி வெந்த முட்டை ஒன்றைப் பிளந்து வைத்தால் மஞ்சள் கரு வழிந்து அதுவே இன்னொரு டிரெஸ்ஸிங். கறி சாப்பிடுகிறவர்கள் நேற்றைய ரோஸ்ட் சிக்கனைப் பிய்த்துப் போடலாம்.

என் மாமியார் மட்டும் கடைசிவரை மசியவில்லை. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சரி, ஒரு கரண்டி மோர்ச்சோறு இருக்கா?" என்றார்.

டிரெஸ்ஸிங்கை எப்போது ஊற்றுவது?

இரண்டு தவணையில். உருளை, கேரட், கடலை இவையெல்லாம் ஓவனிலிருந்து வந்த சூட்டிலேயே பாதி டிரெஸ்ஸிங்கைக் குடிக்கட்டும். ஆறிய உருளையின் மேல் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். சூடான உருளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பச்சைக் காய்களுக்கு மட்டும் நேர்மாறு. அஸ்பாரகஸும் பட்டாணியும் எலுமிச்சைப் புளிப்பில் ஊறினால் பச்சை நிறம் போய்க் காக்கி நிறமாகிவிடும். புளிப்பு பட்டதும் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடுவதுதான் காரணம். புளிக்குழம்பில் போட்ட அவரைக்காயின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். அதனால் இவற்றைச் சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். இலைகளும் அப்போதுதான். கடைசியாக ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டு, வறுத்த பூசணி விதை, கையால் கிள்ளிய புதினா.

டிரெஸ்ஸிங்கில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது இங்கே வழக்கமான கணக்கு. நம் நாக்கு ரசத்திலும் புளிக்குழம்பிலும் வளர்ந்தது. எனக்கு இரண்டுக்கு ஒன்றுதான் சரிவருகிறது. மேலே கொடுத்த அளவும் அதுதான். கடுகு விழுதை விட்டுவிடாதீர்கள். காரத்துக்காக மட்டும் அல்ல, எண்ணெயையும் சாறையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்துவைப்பது அதுதான். எல்லாவற்றையும் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குங்கள், விஸ்க் எல்லாம் தேடவேண்டாம். ஃபெட்டாவிலேயே உப்பு நிறைய உண்டு, அதனால் டிரெஸ்ஸிங்கில் உப்பைக் கை அடக்கிப் போடுங்கள்.

கொஞ்சம் மசாலா சேர்க்கலாமா?

கொண்டைக்கடலையின் மேல் மட்டும் சேருங்கள். சீரகத்தூள், மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை. அஸ்பாரகஸின் மேல் கரம் மசாலா தூவியதை ஒரு வீட்டில் சாப்பிட்டேன். அத்தனை விலை கொடுத்து வாங்கியதன் ருசி தெரியவே இல்லை.

ஓவன் இல்லை. ஏர் ஃப்ரையரில் வருமா?

இரண்டு பேருக்கு என்றால் தாராளமாக வரும், நேரமும் குறைவு. கூடையில் ஒரே அடுக்காக, காய்க்கு ஒரு ஈடாகப் போட வேண்டும். நாலு பேருக்குச் செய்யப் போனால் முதல் ஈடு ஆறிப்போகும். ஏர் ஃப்ரையரும் இல்லையென்றால் இரும்புத் தோசைக்கல். அஸ்பாரகஸுக்கும் வெங்காயத்தாளுக்கும் ஓவனைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். நல்ல சூட்டில் ஐந்தாறு நிமிஷம், உருட்டி உருட்டி விட்டால் ஆங்காங்கே கருகல் புள்ளி விழும். கேரட்டை மட்டும் முதலில் அரைவேக்காடாக வேகவைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆபீஸுக்கு டிபன் பாக்ஸில் எடுத்துப் போகலாமா?

அதற்காகவே நான் கூடுதலாகச் செய்வேன். காய், கடலை, உருளை ஒரு டப்பாவில். இலை, புதினா தனியாக. டிரெஸ்ஸிங் ஒரு குட்டி பாட்டிலில். சமைத்ததை ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜ் குளிரோடு அப்படியே சாப்பிட்டால் ருசி மந்தமாக இருக்கும். சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்துவையுங்கள், அல்லது இலை இல்லாமல் நன்றாகச் சூடாக்கிவிட்டு அப்புறம் இலையைக் கலந்துகொள்ளுங்கள்.

ஃபெட்டா இல்லாமல்?

பன்னீரைச் சதுரமாக வெட்டிக் கல்லில் சிவக்கவிட்டுப் போடலாம். உப்பும் புளிப்பும் அதில் இல்லை என்பதால் இன்னும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பால் பொருளே வேண்டாம் என்பவர்கள் வறுத்த பாதாமும், உப்பில் ஊறிய ஆலிவ் காய் ஏழெட்டும்; தேனும் வேண்டாம் என்றால் அதற்குப் பதில் துளி சர்க்கரை.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது... அஸ்பாரகஸ் சாப்பிட்டால் சிறுநீரில் ஒரு நாற்றம் வருகிறதே, ஏதாவது பிரச்சினையா?

ஒன்றும் இல்லை. அஸ்பாரகஸில் கந்தகம் கலந்த ஒரு அமிலம் உண்டு. உடம்பு அதை உடைக்கும்போது வருகிற வாசனை அது. சிலருக்கு அந்த நாற்றத்தை உணரும் மூக்கே கிடையாது. எங்கள் வீட்டில் எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியாது.

நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன். இங்கே வசந்தமும் இல்லை, அஸ்பாரகஸும் இல்லை. என்ன செய்ய?

அஸ்பாரகஸை மறந்துவிடுங்கள். பெரிய நகரங்களில் கிடைத்தாலும் பல நாள் பயணம் செய்து வந்ததாக இருக்கும். வடக்கிலிருந்து பச்சைப்பட்டாணி வந்து குவியும் தை, மாசி மாதங்கள்தான் உங்களுக்கு இந்த சாலட்டின் காலம். ஊட்டிக் கேரட், குட்டி உருளை, இளம் பீன்ஸ், நூக்கல், வெங்காயத்தாள். பீன்ஸை முழுசாக விட்டு அஸ்பாரகஸ் இடத்தில் போடுங்கள், 12-15 நிமிஷம். பெரிய கேரட் என்றால் விரல் தடிமனுக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். மொச்சை வந்திருந்தால் பிராட் பீன்ஸுக்குப் பதிலாகப் பிதுக்கிப் போடலாம். அதை மட்டும் முழுசாக வேகவைக்க வேண்டும், இரண்டு நிமிஷம் போதாது.

கொத்துக் கேரட்டின் இலையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, வேண்டாம். வாங்கி வந்ததும் இலையைத் தனியாக வெட்டிவிடுங்கள், கேரட்டோடு விட்டால் கேரட்டின் ஈரத்தை உறிஞ்சி அதை வதங்கவைத்துவிடும். தடித்த காம்பை நீக்கி, மண் போகும்வரை மூன்று தண்ணீர் கழுவுங்கள். எண்ணெயில் உளுந்து, காய்ந்த மிளகாய், துளிப் புளி, இரண்டு பல் பூண்டு வதக்கி, இலையையும் போட்டுச் சுருளவிட்டு, தேங்காய் கொஞ்சம் சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் துவையல். லேசான கசப்பு இருக்கும், அதுதான் ருசியே. மாமியாரின் மோர்ச்சோற்றுக்கு அன்றைக்கு நான் தொட்டுக்கொள்ள வைத்தது இதைத்தான்.